ஃபார்மேட் போடும் முன்: மும்பை வீட்டுக் கணினிப் பழுதுகளுக்கு முழுமையான வழிகாட்டி

கணினியை எந்தக் கோளாறுக்காகக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் மும்பையில் அனேகமாக முதலில் காதில் விழுவது ‘ஃபார்மேட் மார்னா படேகா’, அதாவது டிஸ்க்கை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டும் என்பதுதான். ஸ்க்ரீன் வரவில்லையா, ஃபார்மேட். ஹேங் ஆகிறதா, ஃபார்மேட். நெட் கிடைக்கவில்லை என்றாலும் அதே பதில். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் செம்பூரிலும் நம்மவர் வீடுகளில் பெரும்பாலும் குடும்பத்துக்கே ஒரு கணினிதான். பிள்ளையின் காலேஜ் ப்ராஜெக்ட், அப்பாவின் ஜிஎஸ்டி கணக்கு, தங்கையின் கல்யாணப் படங்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. ஃபார்மேட் போட்டால் இவை போய்விடும். கோளாறு ரேமிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ இருந்தால் அது மட்டும் போகாமல் அப்படியே இருக்கும்.

2024 ஜூலை 19-ஐ நினைத்துப் பாருங்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பிழையான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றுவிட்டன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய முடக்கத்துக்கும் தீர்வாக இருந்தது, சேஃப் மோடில் (அத்தியாவசியமானவற்றை மட்டும் ஏற்றி விண்டோஸைத் திறக்கும் முறை) நுழைந்து ஒரே ஒரு ஃபைலை அழிப்பதுதான். பழுது எங்கே என்று தெரிந்துவிட்டால் வேலை இவ்வளவு சின்னதாகிவிடும். ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் பழுதின் இடத்தைக் கண்டுபிடிப்பதைப் பற்றியது. ஃபார்மேட் கடைசியில் வருகிறது.

எதுவரை போய் நிற்கிறது?

பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து டெஸ்க்டாப் வரும்வரை கணினி ஒரு வரிசையில் போகிறது. முதலில் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை பெட்டி வீட்டு மின்சாரமான 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றித் தருகிறது. பிறகு மதர்போர்டு பிராசசரையும் ரேமையும் சோதித்து, திரைக்குப் படம் அனுப்புகிறது. லோகோ வருகிறது. அடுத்து ஹார்ட் டிஸ்க்கையோ எஸ்எஸ்டியையோ (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) தேடி அதிலிருந்து விண்டோஸை எடுக்கிறது. டிரைவர்கள், ஸ்டார்ட்அப் மென்பொருள்கள் எல்லாம் ஏறியபின் டெஸ்க்டாப்.

உங்கள் கணினி இதில் எந்தப் படியில் நிற்கிறது என்று கவனியுங்கள். அதற்கு முந்தைய படிகள் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கின்றன என்று பொருள். லோகோ வந்துவிட்ட கணினிக்கு எஸ்எம்பிஎஸ் மாற்றச் சொல்வதும், லோகோவே வராத கணினிக்கு விண்டோஸ் போடச் சொல்வதும் காசுக்குக் கேடு.

கை வைக்கும் முன் மூன்று காரியங்கள். கணினி இன்னும் ஓடுகிறது, ஆனால் தகராறு செய்கிறது என்றால், முதலில் முக்கியமான ஃபைல்களை வெளி டிரைவில் காப்பி எடுங்கள். இரண்டாவது, மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து பயன்படுத்தும் விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். அதைத் திறக்க 48 இலக்க பிட்லாக்கர் ரெகவரி கீ வேண்டும். வேறொரு போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய் அந்த எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். பயாஸில் (விண்டோஸ் ஏறும் முன்பே வரும் அடிப்படை அமைப்புத் திரை) ஏதோ மாற்றப்போய் அந்த எண் கேட்கப்பட்டு, அது இல்லாமல் ஃபைல் முழுவதையும் இழந்தவர்கள் உண்டு. மூன்றாவது, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ரேமையும் கேபிளையும் சேர்த்து மாற்றினால், சரியானது எதனால் என்று கடைசிவரை தெரியாது.

ஆனே ஆகவில்லை என்றால்

விளக்கும் எரியவில்லை, ஃபேனும் சுற்றவில்லை. முதலில் அதே பிளக் பாயின்ட்டில் போன் சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். பிறகு எக்ஸ்டென்ஷன் போர்டை விட்டுவிட்டு சுவர் சாக்கெட்டில் நேராகச் செருகுங்கள். யூபிஎஸ் இருந்தால் அதையும் தாண்டிப் பாருங்கள். வீட்டு யூபிஎஸ் பலவற்றில் இருப்பது 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரி. இரண்டு மூன்று வருடத்தில் அது ஓய்ந்துவிடும். கரண்ட் போன அடுத்த நொடியே கணினி அணைந்தால் பழுது கணினியில் இல்லை, அந்த பேட்டரியில். பேட்டரி மட்டும் தனியாகக் கிடைக்கும்.

அடுத்து கேபினெட்டின் பின்னால் எஸ்எம்பிஎஸ் சுவிட்ச் ‘ஐ’ பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். வீடு கூட்டும்போது தட்டி அணைந்திருக்கும். பவர் கேபிளையும் மாற்றிப் பாருங்கள். மானிட்டர் கேபிளும் பெரும்பாலும் அதே வகைதான்.

பழைய கேபினெட்டுகளில் முன்பக்க பவர் பட்டனே தேய்ந்துபோவது சாதாரணம். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால் பட்டனிலிருந்து ஒரு சின்ன இரட்டை ஒயர் மதர்போர்டுக்குப் போவது தெரியும். அதைப் பிடுங்கிவிட்டு, அந்த இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டு இணையுங்கள். கணினி ஆன் ஆனால் பட்டன்தான் பழுது. ரீசெட் பட்டனின் ஒயரை அந்த இடத்தில் மாட்டிவிட்டால் செலவே இல்லை.

அப்படியும் ஆகவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ் மீது சந்தேகம். சுவர் பிளக்கைப் பிடுங்கி, மதர்போர்டுக்குப் போகும் எல்லா இணைப்புகளையும் கழற்றிவிட்டு, 24 ஊசி கனெக்டரில் பச்சை ஒயர் இருக்கும் துளையையும் பக்கத்துக் கறுப்பு ஒயர் துளையையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணையுங்கள். அதன்பிறகு பிளக்கைப் போட்டு சுவிட்சை இடுங்கள். எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுற்றவில்லை என்றால் அனேகமாக அது செத்துவிட்டது. சுற்றினால் ‘முழுக்க நல்லது’ என்று அர்த்தமில்லை. வோல்ட்டேஜ் சரியாக இருக்கிறதா என்று மல்டிமீட்டர்தான் சொல்லும். 12 வோல்ட் என்பது 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் இருக்க வேண்டும். எல்லா ஒயரும் கறுப்பாக வரும் புதிய எஸ்எம்பிஎஸ்ஸில் இந்தச் சோதனை வேண்டாம், துளை மாறிவிடும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிரை வாங்கும் அளவு மின்சாரம் தேங்கியிருக்கும்.

லேப்டாப் ஆன் ஆகவில்லை என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரி கழற்றக்கூடியது என்றால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள். இதிலேயே எழுந்துவிடும் லேப்டாப்புகள் ஏராளம். டச்பேட் மேலே உப்பியிருந்தாலோ, மூடினால் மூடி சரியாக உட்காரவில்லை என்றாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது. அதை அழுத்தவோ குத்தவோ கூடாது, சார்ஜும் போடக் கூடாது. அப்படியே சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.

இங்கே எர்த் பற்றி ஒரு வார்த்தை. பழைய சால் (வரிசைக் குடியிருப்பு) வீடுகளிலும், ஒரு மீட்டரிலிருந்து பல அறைகளுக்கு ஒயர் இழுத்த இடங்களிலும், மூன்றாவது துளையில் எர்த் இல்லாமலே சாக்கெட் மாட்டியிருப்பார்கள். கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுப்பது இதனால்தான். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இருக்கும் ஃபில்டர், கசிவு மின்சாரத்தைக் கேபினெட் வழியாக எர்த்துக்கு அனுப்பும்படி அமைந்தது. எர்த் இல்லாவிட்டால் கேபினெட்டில் வீட்டு வோல்ட்டேஜில் பாதியளவு நிற்கும். கசிவு சிறியது என்பதால் பொறுத்துக்கொண்டு விடுகிறோம். ஆனால் எஸ்எம்பிஎஸ் உள்ளே ஷார்ட் ஆகும் நாளில் காப்பாற்ற எதுவும் இருக்காது. வீட்டில் குழந்தைகள் வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று அந்தக் கேபினெட்டைத் தொடுகிறார்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடுவதற்கு ஆகும் செலவை தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

ஃபேன் சுற்றுகிறது, ஸ்க்ரீன் வரவில்லை

கடைக்காரர்கள் ‘நோ டிஸ்ப்ளே’ என்று சொல்லும் இந்தப் பழுது மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை அதிகமாகிறது. கடற்காற்றில் உப்பும், மழைக்காலக் காற்றில் ஈரமும் சேர்ந்து, உலோகத் தொடுமுனைகளில் மெல்லிய படலம் படிகிறது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டு, ஒன்றரை மாதம் அணைத்து வைத்திருந்த கணினியை முதல் மழையில் ஆன் செய்தால் ஸ்க்ரீன் வராது. மதர்போர்டு போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். வரிசையாகப் பாருங்கள்.

மானிட்டரில் ‘நோ சிக்னல்’ என்று எழுத்து வந்தால் மானிட்டர் உயிரோடு இருக்கிறது. அதன் மெனுவில் எச்டிஎம்ஐயா, விஜிஏவா, சரியான இன்புட் தேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எச்டிஎம்ஐ கேபிளை டிவியில் மாட்டிச் சோதிக்கலாம். கேபினெட்டில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிள் அந்தக் கார்டில்தான் இருக்க வேண்டும். வீடு மாறியபிறகு மதர்போர்டின் துளையில் மாட்டிவிட்டு ஸ்க்ரீன் வரவில்லை என்று கலங்குவது அடிக்கடி நடக்கிறது.

அடுத்து கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, திரைக்குப் படம் மட்டும் வரவில்லை. விண்டோஸ் சாவி, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும். லேப்டாப்பில் டார்ச் வெளிச்சத்தைத் திரையில் சாய்வாக அடித்துப் பாருங்கள். படம் மங்கலாகத் தெரிந்தால் பின்விளக்குதான் பழுது.

கேப்ஸ் லாக்கும் எரியவில்லை என்றால் ரேமுக்கு வாருங்கள். புதிய மதர்போர்டுகளில் சிபியு (பிராசசர்), டிரேம் (ரேம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (டிஸ்க்) என்று நான்கு சிறு விளக்குகள் இருக்கும். எது எரிந்தபடி நிற்கிறதோ அங்கே பழுது. பழைய போர்டுகளில் பீப் ஒலி வரும். அதன் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் போர்டின் கையேட்டைப் பாருங்கள்.

ரேமைக் கழற்றிச் சுத்தம் செய்வது இப்படி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி, தேங்கிய மின்சாரத்தை வெளியேற்றுங்கள். உள்ளே இருக்கும் கேபிள்கள் எங்கெங்கே போகின்றன என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கையால் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொடுங்கள். நிலை மின்சாரம் மும்பையின் ஈரக் காற்றில் டெல்லி குளிர்காலம் அளவுக்குத் தேங்காது. ஆனாலும் தொட்டுவிட்டே வேலை செய்யுங்கள். ரேமின் ஓரத்துத் தாழ்ப்பாள்களைத் திறந்து நேராக மேலே இழுங்கள். பொன்னிறப் பட்டைகளை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சில்லாத துணியால் ஒரே திசையில் துடையுங்கள். பள்ளிக்கூட வெள்ளை ரப்பரால் தேய்ப்பது இங்கே எல்லாக் கடையிலும் உள்ள வழக்கம். வேலை செய்யும்தான். ஆனால் அது பொன் பூச்சைச் சிறிது சிறிதாகத் தின்னும், அதன் துகள் ஸ்லாட்டில் விழுந்தால் புதுப் பழுது. வேறு வழியில்லாதபோது மென்மையாக ஒருமுறை தேய்த்து, துகள்களைத் தட்டிவிட்டுப் போடுங்கள். திரும்பப் பொருத்தும்போது ரேமின் நடுவெட்டும் ஸ்லாட்டின் மேடும் பொருந்த வேண்டும். இரு பக்கமும் ‘டக்’ என்று தாழ்ப்பாள் விழும்வரை அழுத்த வேண்டும்.

இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள், பிறகு மற்றதை, பிறகு வேறு ஸ்லாட்டில். டிடிஆர்5 ரேம் போட்ட புதிய கணினி, ரேமை மாற்றியபின் முதல்முறை சில நிமிடங்கள்கூட கறுப்புத் திரையோடு நிற்கும். அது ரேமைப் பழக்கப்படுத்திக்கொள்கிறது, அவசரப்பட்டு அணைக்காதீர்கள்.

இன்னும் வரவில்லை என்றால் எல்லாவற்றையும் குறையுங்கள். ஹார்ட் டிஸ்க், தனி கிராஃபிக்ஸ் கார்டு, யூஎஸ்பி பொருட்கள் எல்லாம் வெளியே. போர்டு, பிராசசர், ஒரு ரேம் மட்டும் உள்ளே. உங்கள் பிராசசருக்குள் கிராஃபிக்ஸ் இருந்தால்தான் கார்டைக் கழற்றிச் சோதிக்க முடியும். பெயர் ‘எஃப்’ என்று முடியும் இன்டெல் பிராசசர்களில் அது கிடையாது. அப்போதும் ஸ்க்ரீன் வராவிட்டால் போர்டிலுள்ள நாணய அளவு பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வைத்துவிட்டுப் பொருத்துங்கள், பயாஸ் அமைப்பு பழைய நிலைக்கு வரும். அதற்குப் பிறகும் இல்லை என்றால் கடைக்குப் போக வேண்டியதுதான். கேபினெட்டை முழுதாகத் தூக்கிக்கொண்டு போங்கள், ஹார்ட் டிஸ்க்கை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு.

லோகோ வருகிறது, விண்டோஸ் வரவில்லை

பூட் டிவைஸ் இல்லை என்று எழுத்து வந்தால் முதலில் பென் டிரைவ், மெமரி கார்டு எல்லாவற்றையும் பிடுங்குங்கள். பிறகு ஆன் செய்தவுடன் டெலீட் அல்லது எஃப்2-ஐத் தட்டி பயாஸுக்குள் போங்கள். உங்கள் டிஸ்க்கின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இல்லை என்றால் கேபிள் தளர்ந்திருக்கிறது, அல்லது டிஸ்க் போய்விட்டது. எந்த ஃபார்மேட்டும் இதற்கு உதவாது. டிஸ்க்கையும் மதர்போர்டையும் இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள், மலிவான பொருள். டிஸ்க் பெயர் இருந்தால் பழுது விண்டோஸ் பக்கம் இருக்கலாம்.

அப்படியே தேதியையும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பழைய வருடத்துக்குப் போய் நின்றால் அந்த நாணய பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர்2032 என்று கேளுங்கள், 3 வோல்ட், வாட்ச் கடையிலும் கிடைக்கும். ‘எந்த வெப்சைட்டும் திறக்கவில்லை, பாதுகாப்பில்லை என்கிறது’ என்ற புகாருக்குக்கூட இந்தப் பேட்டரி காரணமாக இருப்பதுண்டு. தேதி தப்பானால் வெப்சைட்டுகளின் சான்றிதழ் செல்லாது என்று பிரௌசர் நினைத்துக்கொள்ளும்.

விண்டோஸ் ஏறும்போது மூன்று முறை தொடர்ந்து பவரை அணைத்தால் அடுத்த முறை ரிப்பேர் திரை தானாக வரும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் வழியே போங்கள். முதலில் ஸ்டார்ட்அப் ரிப்பேர். அது உதவாவிட்டால், கோளாறு ஒரு அப்டேட்டுக்குப் பின் தொடங்கியிருந்தால் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். அடுத்து சிஸ்டம் ரீஸ்டோர். ஸ்டார்ட்அப் செட்டிங்ஸில் ரீஸ்டார்ட் கொடுத்து 4-ஐ அழுத்தினால் சேஃப் மோட். சேஃப் மோடில் நன்றாக ஓடுகிறது என்றால் ஹார்டுவேர் பெரும்பாலும் நல்லது. கடைசியாகப் போட்ட டிரைவரையோ மென்பொருளையோ நீக்குங்கள்.

நீலத் திரை வந்தால் அடியில் இருக்கும் ஸ்டாப் கோடைப் போனில் படம் எடுங்கள். ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்றால் ரேமைச் சந்தேகியுங்கள்: ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடி ஓடவிடுங்கள். ‘இன்அக்செசிபிள் பூட் டிவைஸ்’ என்றால் டிஸ்க்கோ, பயாஸில் சாட்டா அமைப்பு மாறியதோ காரணம். நாணய பேட்டரியைக் கழற்றிப் போட்ட பிறகு இது வருவதுண்டு. ‘வியா’ (WHEA) என்று தொடங்கும் கோடு பெரும்பாலும் ஹார்டுவேர்: சூடு, எஸ்எம்பிஎஸ், பிராசசர் என்ற வரிசையில் பாருங்கள். வாரத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோடு என்றால் என் அனுபவத்தில் முதல் சந்தேகம் ரேம், அடுத்தது எஸ்எம்பிஎஸ்.

மெதுவாக ஓடுகிறது

இந்தப் புகாருக்குத்தான் அதிகமான ஃபார்மேட்டுகள் வீணாகப் போடப்படுகின்றன. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள். எந்தப் பத்தி 100 சதவீதத்தைத் தொடுகிறது?

டிஸ்க் 100 என்று நின்றால், உங்களிடம் இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால், வேறு எதையும் தேட வேண்டாம். விண்டோஸ் 10-ம் 11-ம் ஆயிரக்கணக்கான சிறு ஃபைல்களை ஒரே நேரத்தில் படிப்பவை; சுழலும் டிஸ்க்கின் முள் அத்தனை இடத்துக்கும் ஓடி ஓடிப் படிக்க வேண்டும். சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு விண்டோஸை அதற்கு மாற்றினால் ஏழெட்டு வருடத்துக் கணினியும் வேலைக்கு ஆகும். வீட்டுக் கணினிக்குச் செய்யக்கூடிய செலவுகளில் இதைவிடப் பலன் தருவது எதையும் நான் கண்டதில்லை. வாங்கும் முன் போர்டில் எம்.2 ஸ்லாட் (மெல்லிய எஸ்எஸ்டியை நேராகச் செருகும் இடம்) இருக்கிறதா, அது என்விஎம்இயா சாட்டாவா என்று கையேட்டில் பாருங்கள், இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். குழப்பமாக இருந்தால் 2.5 இஞ்ச் சாட்டா வாங்குங்கள், சாட்டா துளை உள்ள எந்தக் கணினியிலும் பொருந்தும்.

ஆனால் அதற்கு முன்னால் டிஸ்க் ஆரோக்கியமாக இருக்கிறதா என்று தெரிய வேண்டும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். நீலம் என்றால் நல்லது, மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் மோசம். ரீஅலோகேட்டட் செக்டர்ஸ், கரன்ட் பென்டிங் செக்டர்ஸ் என்ற இரண்டு வரிகளில் பூஜ்யத்தைத் தாண்டிய எண் இருந்து, அது வாரா வாரம் கூடினால், அந்த டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. மஞ்சளைக் கண்ட அன்றே காப்பி எடுங்கள். பலரும் இந்த நிலையில் ‘செக் டிஸ்க்’ ஓடவிடுகிறார்கள். அது டிஸ்க்கின் ஒவ்வொரு மூலையையும் படிக்கவைத்து, சாகப்போகும் டிஸ்க்கை விரைவாகச் சாகடிக்கும். காப்பி முதலில், சோதனை பிறகு. டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். விலைமதிப்பில்லாத படங்கள் அதில் இருந்தால், டேட்டா ரெகவரி செய்பவரிடம்தான் போக வேண்டும்.

மெமரி 90-ஐத் தொட்டு நின்றால் ரேம் போதவில்லை. 4 ஜிபியில் விண்டோஸ் 11 ஏறும், மனிதர் வேலை செய்ய முடியாது. 8 ஜிபி குறைந்தபட்சம். சிபியு உயர்ந்தே நின்றால் எந்த மென்பொருள் என்று பெயரைப் பாருங்கள். ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பக்கத்தில் உங்களுக்குத் தேவையில்லாதவற்றை டிசேபிள் செய்யுங்கள்.

எல்லாம் குறைவாகக் காட்டியும் மெதுவாக இருந்தால், அல்லது பத்து நிமிடம் கழித்து ஃபேன் கத்தத் தொடங்கினால், சூடு. எச்டபிள்யூமானிட்டர் போன்ற மென்பொருளில் பிராசசர் வெப்பம் பாருங்கள். 95 டிகிரியை நெருங்கினால் பல பிராசசர்கள் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சாலையோரத் தூசியும் அடுப்படிப் புகையின் எண்ணெய்ப்பசையும் சேர்ந்து ஹீட் சிங்க்கில் (பிராசசரின் சூட்டை இறக்கும் உலோகத் தகடுகள்) கம்பளிபோல் ஒட்டியிருக்கும். பிரஷ்ஷால் எடுத்து, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு புளோயர் அடியுங்கள். சில வருடம் ஆனவற்றுக்கு பிராசசரின் மேல் சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட்டைத் துடைத்து, அரிசி அளவு புதிய பேஸ்ட் வையுங்கள்.

சொல்லிவிட வேண்டிய இன்னொன்று: விண்டோஸில் ஷட் டவுன் கொடுப்பது முழுமையாக அணைப்பதல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருப்பதால் உள்மையத்தின் நிலையைச் சேமித்துவைத்து மறுநாள் அதையே எடுக்கிறது. வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுங்கள்.

நெட், சத்தம், பிரின்டர்

நெட் இல்லை என்றால் முதலில் போனில் அதே வைஃபை வருகிறதா என்று பாருங்கள். போனிலும் இல்லை என்றால் ஃபைபர் பெட்டியில் ‘லாஸ்’ (LOS) விளக்கு சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு என்றால் பெரும்பாலும் வெளியே ஒயர் அறுந்திருக்கிறது. பெட்டியைப் பத்துத் தடவை அணைத்துப் போட்டாலும் வராது, கம்பெனிக்குப் போன் செய்யுங்கள். போனில் வந்து கணினியில் மட்டும் வரவில்லை, கணினியின் ஐபி எண் 169.254 என்று தொடங்குகிறது என்றால் ரௌட்டரிடமிருந்து அதற்கு முகவரி கிடைக்கவில்லை. வைஃபை பெயரை ‘ஃபர்கெட்’ செய்துவிட்டு மறுபடி சேருங்கள்.

நெட் வருகிறது, ஆனால் இழுக்கிறது என்றால் நம் கட்டிடங்களின் நெருக்கடிதான் காரணம். ஒரு மாடியிலேயே இருபது ரௌட்டர் இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. ரௌட்டர் இருக்கும் அறையிலேயே கணினி என்றால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். முடிந்தால் லேன் கேபிள் போட்டுவிடுங்கள்.

சத்தம் வரவில்லை என்றால் கீழே ஸ்பீக்கர் படத்தைத் தட்டி, சத்தம் எச்டிஎம்ஐ மானிட்டருக்குப் போகிறதா என்று பாருங்கள், முக்கால்வாசி அதுதான். பிரின்டர் வரிசை சிக்கிக்கொண்டால் சர்வீசஸ் பட்டியலில் பிரின்ட் ஸ்பூலரை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

வைரஸும் திருடர்களும்

திடீரென்று முழுத்திரையில் சைரன் சத்தத்தோடு ‘உங்கள் கணினி பூட்டப்பட்டது, இந்த எண்ணை அழைக்கவும்’ என்று வந்தால் அது வெறும் வெப் பக்கம். டாஸ்க் மேனேஜரில் பிரௌசரை மூடுங்கள், முடிந்தது. மைக்ரோசாஃப்ட் தானாக யாருக்கும் போன் செய்வதில்லை. அந்த எண்ணை அழைத்து, அவர்கள் சொல்லும் ரிமோட் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தால் வங்கிக் கணக்கு காலியாகும். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு பணம் தடுத்து நிறுத்தப்பட வாய்ப்பு. வீட்டுப் பெரியவர்களுக்கு இந்த எண்ணை மானிட்டர் ஓரத்தில் எழுதி ஒட்டுங்கள்.

உண்மையான வைரஸ் சந்தேகம் என்றால் விண்டோஸ் செக்யூரிட்டியில் டிஃபென்டர் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். இலவசமாகப் போட்டுத் தரும் கள்ள விண்டோஸும் அதை ஆக்டிவேட் செய்யும் கிராக்கும் வேண்டவே வேண்டாம். டிஃபென்டரை அணைத்துவிட்டு உள்ளே வரும் மென்பொருளை நம்பி வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டுவது ஆபத்து.

மழையும் தண்ணீரும்

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அப்படி ஒரு நாள் வராவிட்டாலும் கிங்ஸ் சர்க்கிளிலும் சயானிலும் தண்ணீர் ஏறாத மழைக்காலம் அபூர்வம். தரைத்தள வீட்டில் கேபினெட்டைத் தரையில் வைக்காதீர்கள். பிளக் போர்டும் இடுப்புக்கு மேலே இருக்கட்டும். தண்ணீர் புகுந்தால் கணினியைத் தொடும் முன் மெயின் சுவிட்சை அணையுங்கள். நனைந்த கணினியை ‘ஓடுகிறதா’ என்று ஆன் செய்து பார்ப்பதுதான் போர்டைக் கொல்கிறது. கழற்றி, நல்ல தண்ணீரில் சேறு போகத் துடைத்து, ஆல்கஹாலால் கழுவி, பல நாள் உலரவிட்டபின் கடையில் காட்டுங்கள். லேப்டாப்பில் டீ கொட்டினாலும் இதே முதல் விதி: உடனே அணை, சார்ஜரைப் பிடுங்கு, கவிழ்த்து வை.

மழைக்காலத்தில் தினமும் சிறிது நேரமாவது கணினியை ஓடவிடுங்கள். ஓடும் சூடு ஈரத்தை ஓட்டும்.

ஃபார்மேட்தான் வழி என்று ஆனபின்

ஹார்டுவேர் எல்லாம் சோதித்தாகிவிட்டது, விண்டோஸ் ஃபைல்கள் சிதைந்திருக்கின்றன என்று தெரிந்தாலும் ஒரு படி மிச்சம் இருக்கிறது. செட்டிங்ஸில் ரெகவரி பகுதியில் ‘கீப் மை ஃபைல்ஸ்’ என்ற ரீசெட். மென்பொருள்கள் போகும், உங்கள் ஃபைல்கள் இருக்கும். இதற்கும் காப்பி எடுத்துவிட்டே போங்கள்.

‘டி டிரைவைத் தொடமாட்டேன், கவலைப்படாதீங்க’ என்பார்கள். ஆனால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் சி டிரைவில்தான். கணக்கு மென்பொருளான டேலியின் டேட்டா ஃபோல்டர் எங்கே என்று டேலியைத் திறந்து பாருங்கள். பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். தமிழர் வீடுகளுக்கென்று ஒன்று கூடுதலாக உண்டு: சங்க நோட்டீஸ், கோயில் அழைப்பிதழ், பழைய கடிதங்கள் எல்லாம் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவையாக இருக்கும். ஃபார்மேட்டில் அந்த எழுத்துரு போய்விட்டால், ஃபைல் பத்திரமாக இருந்தும் திறந்தால் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அவற்றையும் காப்பி எடுங்கள்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கணினியில் வேண்டும், இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏற்கப்படாது. அப்படிப்பட்ட கணினியில் பிரௌசரும் தட்டச்சும் மட்டும்தான் வேலை என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போடுங்கள், தமிழ் எழுத வசதி உண்டு. டேலி தேவைப்படுபவர்களுக்கு அது ஒத்துவராது.

லாமிங்டன் ரோட்டுக்குப் போகும்போது

கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் லாமிங்டன் ரோடு, பலகைகளில் டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க். உதிரிபாகம் வாங்க மும்பையில் அதுதான் இடம். பழைய ரேமையும், போர்டின் மாடல் எண் தெரியும் படத்தையும் கொண்டுபோங்கள். டிடிஆர்3 போர்டில் டிடிஆர்4 நுழையாது. இரண்டு மூன்று கடையில் விலை கேளுங்கள், சீரியல் எண் எழுதிய பில் இல்லாமல் வாங்காதீர்கள். வாரன்டிக்கு அதுதான் ஆதாரம்.

ரிப்பேருக்குக் கொடுத்தால் ‘ஸ்க்ரீன் வரல’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘ரெண்டு ரேமும் தனித்தனியா போட்டுப் பார்த்தாச்சு, டிரேம் லைட் எரியுது, எஸ்எம்பிஎஸ் நல்லா இருக்கு’ என்று சொல்லுங்கள். பேச்சின் தொனியே மாறும். செலவு எவ்வளவு என்று கேட்டு, உங்களைக் கேட்காமல் ஃபார்மேட் போடக் கூடாது என்று ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். வாரன்டியில் மாற்றியதை மட்டும் கம்பெனி எடுத்துக்கொள்ளும். பழைய ஹார்ட் டிஸ்க்கை எந்த விலைக்கும் கடையில் விடாதீர்கள், ஓடாத டிஸ்க்கிலிருந்தும் உங்கள் ஆதாரையும் பான் கார்டையும் எடுக்க முடியும்.